முட்டுக்கட்டை எங்கே?

குச்சனூருக்குப் போய்விட்டு, வண்டி நகரவில்லை என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்வது நியாயமா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். தேனி ஜில்லாவில், சின்னமனூருக்கு அருகில், சுரபி நதிக் கரையில் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் சனீஸ்வர பகவானுக்கு மந்தன் என்று ஒரு திருநாமம் உண்டு. சனைச்சரன் என்ற வடமொழிப் பெயருக்கும் மெதுவாக நடப்பவன் என்பதுதான் பொருள். "மெதுவாக நடக்கிற சாமியின் ஊருக்கு வந்துவிட்டு வேகமாகத் திரும்ப நினைக்கலாமா?" என்று அன்று காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் நம்மைப் பார்த்துக் கேட்டார். அப்போது நமக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தோம்.

நம்மிடம் ஓர் அம்பாஸடர் வண்டி இருக்கிறது. தகப்பனார் வைத்துவிட்டுப் போன ஆஸ்தி. இந்த ஜாதி வண்டிகள் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தன. 2014-ஆம் வருஷத்தோடு அந்த உற்பத்தி நின்றுபோயிற்று. ஆகையால் நம் வண்டியைச் சிலர் மரியாதையோடும் பலர் அனுதாபத்தோடும் பார்ப்பது வழக்கம். நமக்கு அதை ஓட்டத் தெரியும். ஆனால் தூரப் பிரயாணத்தில் நாம் ஓட்டக்கூடாது என்பது நம் இல்லாளின் உத்தரவு. அதற்காகவே நாட்கூலிக்கு ஒரு டிரைவர் வருவார். அறுபதை நெருங்கும் வயது, அதிகம் பேசமாட்டார். "டிரைவர் அண்ணன்" என்றே வீட்டில் எல்லோரும் கூப்பிடுவோம்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமைகள் குச்சனூரில் திருவிழா நாட்கள். நம் தமக்கையை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு குடும்பத்தோடு அங்கே போய் இறங்கினோம். டிரைவர் அண்ணன் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு, தம்முடைய கிராமத்துக்குப் போய்த் திங்கட்கிழமை விடியற்காலை வந்துவிடுவதாகச் சொல்லி விடைபெற்றுக்கொண்டார். போகும்போது நம்மைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு சொல்லுகிறோம். நமக்கே அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை தரிசனம் செய்தோம். எள் தீபம் ஏற்றினோம். காகத்துக்குச் சோறு வைத்தோம். மேற்கு மலையிலிருந்து சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படவேண்டும் என்பது ஏற்பாடு. நம் தமக்கையின் மகள் நர்ஸ் படிப்பு முடித்தவள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு மணிக்கு அவளுக்கு நேர்முகப் பரீட்சை. முதல் உத்தியோகம், நல்ல சம்பளம். "மாமா வண்டியில் ராஜாத்தி மாதிரி போய் இறங்கு" என்று வீட்டில் எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆறு மணிக்கு எல்லோரும் வண்டியில் ஏறினோம். இயந்திரம் முதல் திருப்பிலேயே கிளம்பியது. டிரைவர் அண்ணன் முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். வண்டி ஒரு தடவை உதறிக்கொண்டது. பின்புறத்து இடது சக்கரம் முற்றத்துச் சேற்றை வாரி, கோலத்தின் மேலும் கோழியின் மேலும் இறைத்தது. வலது சக்கரமோ தாழ்வாரத்துக் கற்பாவின் மேல் பிள்ளையார் போல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மறுபடியும் முயன்றார். இடது சக்கரம் சுழன்றது, வலது சக்கரம் சுழலவில்லை, வண்டி நகரவில்லை.

உடனே ஊர் கூடிவிட்டது. காரணங்களும் கூடிவிட்டன. பக்கத்து வீட்டுப் பெரியவர் கருத்தை முன்பே சொல்லிவிட்டோம். நம் தமக்கை உள்ளே போய் இன்னொரு விளக்கு ஏற்றி வைத்தாள். அத்தான், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதை யாரோ எடுத்துச் சொன்னதும் அந்தக் கட்சியிலிருந்து விலகிக்கொண்டார். நாம் பி.எஸ்ஸி. பட்டதாரி, இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறவர்கள். சும்மா இருப்போமா? "ஒரு சக்கரம் சுழல்கிறது, இன்னொன்று சுழலவில்லை. அப்படியானால் சுழலாத சக்கரத்துக்குச் சக்தி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வலது பக்கத்து அச்சு ஒடிந்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறினோம்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "போன மாதம் மலைப் பாதையில் பள்ளத்தில் விட்டீர்களே, அப்போதே சத்தம் கேட்டது" என்று டிரைவர் அண்ணனைப் பார்த்துச் சொன்னோம். அச்சு மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஒருவர் கேட்டார். "அதை யார் தருவது?" என்றார் அத்தான். நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததும் ஒரு பதில்தானே! டிரைவர் அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அச்சு இருக்காது, ஸார்" என்று மட்டும் சொன்னார். பதினைந்து பேர் நடுவில் அவர் குரல் எடுபடவில்லை.

இதற்குள் மணி ஏழாயிற்று. பெண் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மாமா, நீங்கள் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். நான் பஸ்ஸில் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய தம்பியின் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சின்னமனூருக்குப் போய்விட்டாள். அன்று அந்த முற்றத்தில் புத்தியோடு காரியம் செய்தவள் அவள் ஒருத்திதான்.

எட்டு மணிக்குச் சின்னமனூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. டிரைவர் அண்ணனைப் பார்த்து, "என்னண்ணே, கிளச்சை விடும்போது இஞ்சின் சத்தம் அமுங்குதா, இல்லே சும்மா கூவுதா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியின் அருமையை நேயர்கள் கவனிக்கவேண்டும். சக்கரம் சுழலாத வண்டிகள் இரண்டே வகை. ஒன்று, சக்தி சக்கரம் வரைக்கும் போய்ச் சேராத வண்டி. கிளச் தேய்ந்திருக்கும், கியர் விழுந்திராது, இயந்திரத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டு கழன்றிருக்கும், அல்லது அச்சு ஒடிந்திருக்கும். இப்படிப்பட்ட வண்டியில் இயந்திரத்துக்குச் சுமையே தெரியாது. எவ்வளவு அழுத்தினாலும் அது பாட்டுக்குக் கூவும். மற்றொன்று, சக்தி சரியாகவே போய்ச் சேர்ந்தும், சக்கரத்தை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும் வண்டி. இதில் கிளச்சை விட்டவுடன் இயந்திரத்தின் குரல் அமுங்கும், உடம்பு நடுங்கும், கவனிக்காவிட்டால் நின்றே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: வண்டி நகரவில்லை. ஆனால் முதல் வியாதிக்குச் செய்யும் வைத்தியத்தை இரண்டாவதற்குச் செய்தால் நோயாளிக்கு ஆபத்து. பிடித்திருக்கும் சக்கரத்தை மேலும் மேலும் முடுக்கினால் கிளச் எரியும். அப்புறம் உண்மையாகவே அச்சு ஒடியும்.

"அமுங்குது, தம்பி" என்றார் டிரைவர் அண்ணன்.

"ஒடியலே. எதுவோ பிடிச்சிருக்கு" என்றார் மெக்கானிக்.

நமக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "அதெப்படி? ஒரு சக்கரம் சுழல்கிறதே?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "அதனாலேதான் சொல்றேன், ஸார். இந்தப் பக்கம் ஒடிஞ்சிருந்தா அந்தப் பக்கமும் சுத்தாது" என்றார்.

பௌதிக உபாத்தியாயராகிய நாம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினோம். ஆனால் அவர் சொன்னது அக்ஷரலக்ஷம் பெறும். அதை நேயர்களுக்கு விளக்கவேண்டியது நம் கடமை.

கட்டை வண்டியின் சக்கரங்கள் அச்சின் இரு முனைகளில் தனித்தனியாகச் சுழல்கின்றன. வண்டி திரும்பும்போது வெளிப்புறத்துச் சக்கரம் அதிக தூரம் ஓடும். உட்புறத்துச் சக்கரம் குறைந்த தூரம் ஓடும். இழுப்பது மாடு ஆகையால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சொந்தம் கொண்டாடவேண்டிய அவசியமில்லை. மோட்டாரிலோ சக்கரங்களையே இயந்திரம் திருப்புகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் ஒரு டயர் தேய்ந்து இழுபடும். இதற்குப் பரிகாரமாக 1820-களிலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர அமைப்பை யோசித்துக் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டாரிலும் அது இருந்தது. டிஃபரன்ஷியல் என்று சொல்லப்படும் இந்த அமைப்பு, பின் அச்சின் நடுவிலே பூசணிக்காய் போல் தொங்கும் உருண்டைக்குள் இருக்கிறது. இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட அது இடம் கொடுக்கும். ஆனால் திருப்பு விசையை மட்டும் இருவருக்கும் சமமாகவே பங்கிடும்.

சமமாக என்ற வார்த்தையில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டு காலியாக இருந்தால், மறு தட்டில் எதையும் நிறுக்க முடியாது. வைத்தது கீழே போய்விடும். வலது பக்கத்து அச்சு ஒடிந்திருந்தால் அந்தத் தட்டு காலி. இயந்திரத்தின் விசை முழுவதும் ஒடிந்த துண்டைச் சுழற்றுவதிலேயே வீணாகும். இடது சக்கரத்துக்கு ஒன்றும் கிட்டாது. இடது சக்கரம் சேற்றை வாரி இறைக்கும் அளவுக்கு விசை பெற்றதென்றால், வலது பக்கம் எதிர்த்து நிற்கிறது என்று பொருள். எதிர்த்து நிற்பதற்கு அச்சு முழுசாக இருக்கவேண்டும். சுழலாத சக்கரம் குற்றமற்றது என்பதற்குச் சுழல்கிற சக்கரமே சாக்ஷி! இருபது வருஷமாகத் திருப்பு விசையைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிய கை இது. அன்று காலை அதே கைதான் டிரைவர் அண்ணனைச் சுட்டிக் காட்டிற்று.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. இடது சக்கரம் சேற்றில் வழுக்குவதுதான் காரணமாயிருக்கலாம் அல்லவா? வலது சக்கரம் கெட்டித் தரையிலும் இடது சக்கரம் சேற்றிலும் இருந்தால், நல்ல வண்டியும் இப்படித்தான் நின்ற இடத்தில் சேறு இறைக்கும். மெக்கானிக் அதையும் விடவில்லை. இடது சக்கரத்தின் கீழ் சாக்கையும் ஜல்லியையும் திணித்தார். டிரைவர் அண்ணன் மெதுவாகக் கிளச்சை விட்டார். வண்டி ஒரு சாண் நகர்ந்தது, இயந்திரம் நின்றுவிட்டது. எல்லோரும் "நகர்ந்தது, நகர்ந்தது" என்று ஆரவாரித்தோம். மெக்கானிக் குனிந்து வலது சக்கரத்தைக் காட்டினார். ஈரக் கல்லின் மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. சக்கரம் இழுபட்டிருந்தது, சுழலவில்லை.

பிறகு நடந்தவை வரிசையாக நடந்தன. முன் சக்கரங்களுக்கு இரு புறமும் கல் கொடுத்தார். ஜாக்கியால் வலது பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். கியரை நியூட்ரலில் வைத்து, கையால் திருப்பினார். அசையவில்லை. இடது சக்கரத்துக்கும் அப்படியே செய்தார். அது சுலபமாகச் சுற்றியது. ஆக, பிடித்திருப்பது வலது பக்கம் என்பது முடிவாயிற்று. பிடிப்பது யார்? ஒரு சக்கரத்தைப் பிடிக்கக் கூடியவர்கள் மூன்று பேர். பிரேக் எண்ணெயின் அழுத்தம் குழாயில் தங்கிப் பிடிக்கலாம். கைப் பிரேக்கின் கம்பி துருவேறிப் பிடிக்கலாம். அல்லது சக்கரத்தின் பேரிங் பொடிந்து பிடிக்கலாம்.

காற்றையும் எண்ணெயையும் வெளியேற்றும் சிறு திருகாணியைச் சற்றே தளர்த்தினார். அழுத்தம் தங்கியிருந்தால் எண்ணெய் பீறிட்டு வரும், சக்கரமும் விடுபடும். எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. சக்கரம் விடவில்லை. முதல் ஆசாமி விடுதலை. கைப் பிரேக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். தொய்வாகவே இருந்தது. இரண்டாவது ஆசாமியும் விடுதலை. "பேரிங்னா நேத்தே கத்தியிருக்கும். வரும்போது சத்தம், சூடு, கருகின நாத்தம் ஏதாவது இருந்துச்சாண்ணே?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லே" என்றார் டிரைவர் அண்ணன்.

மூவரும் இல்லையென்றால்? மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்த இரும்பு டிரம்மை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா யாரு கைப் பிரேக் போட்டது?"

நேயர்களே! அந்த நிமிஷத்தில்தான் நமக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை மாலை, தரிசனம் முடிந்து வந்த உற்சாகத்தில், மருமகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வண்டியைக் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கழுவியபின் நாமே பின்னுக்கு ஓட்டித் தாழ்வாரத்தை ஒட்டி நிறுத்தினோம். முற்றம் கொஞ்சம் சரிவு. ஓடிவிடக் கூடாதே என்று கைப் பிரேக்கைப் பிடித்து, நம் பலம் எல்லாம் சேர்த்து, கிர்ர், கிர்ர் என்று கடைசிப் பல் வரைக்கும் இழுத்தோம். வலது பின் சக்கரத்துக்கு நேர் மேலே கூரையின் தாரை. இரண்டு இரவும் சாரல் தண்ணீர் அந்தச் சக்கரத்தின் மேலேயே சொட்டியிருக்கிறது.

டிரைவர் அண்ணன் வெள்ளிக்கிழமை நம்மைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன வார்த்தை இதுதான்: "ஈரத்தோடே நிறுத்தினா கல்லைக் குடுத்து நிறுத்துங்க, ஸார். கைப் பிரேக்கை இழுத்து விட்றாதீங்க."

டிரம்முக்குள் பிறை வடிவமான இரண்டு கட்டைகள் இருக்கின்றன. பிரேக்கைப் போட்டால் அவை விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்தும். 1902-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து லூயி ரெனோ இந்த ஏற்பாட்டைத் தம் வண்டிகளில் கொண்டுவந்தார். டிரம் வார்ப்பிரும்பு. ஈரத்தோடு கட்டையை அதன் மேல் அழுத்தி இரண்டு இரவு வைத்துவிட்டால், நடுவே துரு பூத்து இரண்டையும் ஒட்டிவிடும். பிறகு கைப் பிரேக்கைத் தளர்த்தினாலும் கம்பி தொய்யுமே தவிரக் கட்டை விடாது. பிரேக் வேலை செய்யவில்லை. ஆனால் வேலை செய்தபோது பிடித்த பிடி மட்டும் நிற்கிறது.

"நாம்தான்" என்று சொன்னோம். குரல் எழும்பவில்லை.

மெக்கானிக் சுத்தியலால் டிரம்மின் விளிம்பைச் சுற்றிப் பதமாகத் தட்டினார். நாலைந்து தட்டில் "டக்" என்று ஒரு சத்தம். கையால் திருப்பினார். சக்கரம் சுற்றியது. டிரம்மைக் கழற்றித் துருவைத் தேய்த்துத் துடைத்து, பேரிங்கையும் ஒரு தடவை சுழற்றிக் கேட்டு, மறுபடி மாட்டினார். முக்கால் மணி நேரத்தில் காரியம் முடிந்தது. கூலி, நாம் அச்சுக்குப் போட்ட கணக்கில் காலணாவுக்கும் காணாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்து மெக்கானிக், "சாமி மேலே பழி போட்டீங்களே, தாத்தா" என்றார். பெரியவர், "நான் சாமியைச் சொன்னேன், இவர் டிரைவரைச் சொன்னார். சாமிக்கு ஒண்ணும் ஆகலே" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க நமக்குத் தைரியம் இல்லை. டிரைவர் அண்ணனிடம் போய், பதினைந்து பேர் முன்னிலையில் சொன்னதைப் பதினைந்து பேர் முன்னிலையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டோம். அவர், "விடுங்க, ஸார். நேரமாச்சு" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பும் வழியில், சாலையின் இரு பக்கமும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே, திருவாரூர்த் தேரைப் பற்றி யோசித்தோம். ஆழித் தேர் என்று பெயர். அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம். சுமார் 300 டன் எடை. அதுவும் பல வருஷ காலம் ஓடாமல் நிலையிலேயே நின்றிருந்து, 1970-ஆம் ஆண்டில் மறுபடியும் ஓடியது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னாலும், இன்றைக்கும் எத்தனையோ ஊர்களிலும், தேருக்குப் பிரேக் என்பது முட்டுக்கட்டைதான். வடத்தைப் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். முட்டுக்கட்டை போடுபவர் நாலைந்து பேர். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. முட்டுக்கட்டை கெட்ட வஸ்து அல்ல. அது இல்லாவிட்டால் தேர் வீட்டுக்குள் புகுந்துவிடும். ஆனால் போட்ட கட்டையை எடுக்க மறந்துவிட்டு, "இன்னும் பலமாக இழுங்கள்" என்று வடக்காரர்களைத் திட்டினால், வடம் அறுமே தவிரத் தேர் நகராது.

இந்த யோசனை திருவாரூரோடு நின்றிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அது நம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

நம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுவான்; பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவான். ஜூலை மாதத்தில் அவனைக் கடைசிப் பெஞ்சுக்கு, சுவர் ஓரமாக மாற்றினோம். பார்த்து எழுதுவதற்குப் பக்கத்தில் ஆள் இருக்கக்கூடாது என்பது நம் யோசனை. அதன் பிறகு அவன் அறவே நின்றுபோனான். தண்டனைக் கணக்குகள் கொடுத்தோம். தகப்பனாருக்கு எழுதியனுப்பினோம். எழுதிய வார்த்தைகள் நன்றாக நினைவிருக்கின்றன: "மந்தம். முயற்சி போதாது."

மந்தம்! யாரைத் தரிசிக்கப் போயிருந்தோமோ அவருடைய பெயரையே அல்லவா அந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கிறோம்! வான சாஸ்திரிகளைக் கேட்டால், அந்த மந்தனும் நாம் நினைக்கிற மாதிரி மந்தன் அல்லன் என்கிறார்கள். சனிக் கிரகம் வினாடிக்குச் சுமார் 9.7 கிலோமீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 35,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பூமியின் வேகத்தில் அது மூன்றில் ஒரு பங்குதான் என்பது மெய். ஆனால் அது சூரியனுக்குச் சுமார் 143 கோடி கிலோமீட்டர் அப்பால், அவ்வளவு பெரிய வட்டத்தைச் சுற்றிவரவேண்டியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு 29½ வருஷம். நம் முற்றத்திலிருந்து பார்த்தால் நகராதது போல் இருக்கும். பார்க்கிற இடத்தைப் பொறுத்தது.

மறு நாள் வகுப்பு முடிந்ததும் பையனைக் கூப்பிட்டோம். ஏன் படிக்கவில்லை என்று கேட்கவில்லை. அதைத்தான் பல மாதமாகக் கேட்டிருக்கிறோமே! கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதி, அவனுடைய பெஞ்சில் உட்காரச் சொல்லிப் படிக்கச் சொன்னோம். படிக்கவில்லை. ஒரு பெஞ்சு முன்னால் வரச் சொன்னோம். படிக்கவில்லை. இரண்டாவது பெஞ்சுக்கு வந்ததும் படித்துவிட்டான். பக்கத்துப் பையனைப் பார்த்து அவன் எழுதியது விடையை அல்ல. பலகையில் இருந்த கேள்வியை. அந்த ஒரு வழியையும் அடைத்து, அவனைச் சுவர் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கடைசிப் பல் வரைக்கும் பிரேக்கை இழுத்துவிட்டு, "முயற்சி போதாது" என்று எழுதியவர் யார் என்பதை நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது அவன் முதல் பெஞ்சில், மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறான். வகுப்பில் முதல்வனாக வந்துவிட்டான் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும், உண்மையாக இராது. சென்ற பரீட்சையில் முப்பத்தெட்டு மார்க்கு வாங்கினான். சக்கரம் சுற்றத் தொடங்கியிருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டி. வேகத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

மோட்டார் வைத்திருக்கும் நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. வண்டியைக் கழுவினால், உடனே நிறுத்திவிடாமல் சிறிது தூரம் ஓட்டி, மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஈரத்தைப் போக்குங்கள். ஈரக் காலத்தில் பல நாள் நிறுத்துவதாக இருந்தால், சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். இக்காலத்துப் புது வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரங்களே இழுக்கின்றன. ஆனாலும் ஈரமும் துருவும் பழைய குணத்தை விடவில்லை. ஓடும்போது ஒரு சக்கரம் மட்டும் சூடேறி வாடை அடித்தால் நிறுத்திவிடுங்கள்; பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், முடுக்குவதற்கு முன்னால், பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால், கடைசியாகப் பிரேக் போட்டவர் யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது முதலில் தம் கையைப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

நம் தமக்கையின் மகள் பத்தரை மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் இருந்தாளாம். உத்தியோகமும் கிடைத்துவிட்டது. அடுத்த ஆடியில் மறுபடி வரச் சொல்லி எழுதியிருக்கிறாள். போவதாகவே உத்தேசம். டிரைவர் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு கருங்கல்லை இப்போதே எடுத்து வைத்துவிட்டோம்.